ஒட்டக் காசில்லை, எடுக்கத்தான் காசு

"ஒட்ட எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் கடைக்குள் வருவார்கள். கையில் சுருட்டிய ஸ்டிக்கர் தாள் இருக்கும். வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிற்கும். முப்பது வருஷமாக நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஒட்டக் காசு வேண்டாம், எடுக்கத்தான் காசு. விளையாட்டுக்குச் சொல்வதாகச் சிலர் நினைப்பார்கள். இல்லை. புது ஸ்டிக்கரை ஃபிரேமில் ஒட்டக் கால் மணி நேரம் போதும். பழசை எடுத்து, பசையைக் கழுவி, அந்த இடத்தை ஒட்டுவதற்குத் தகுதியாக்க ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அந்த ஒரு பகலைச் செலவழிக்காமல் ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

அப்பா தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகை சைக்கிள், பஞ்சர், வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயில். 1988-ல் பதினைந்து வயதில் நான் அவரோடு உட்கார்ந்தபோது, கடையில் எனக்குப் பிடித்த வேலை கோடு போடுவதுதான். பெயிண்ட் அடித்துக் காய்ந்த மட்கார்டின் இரு ஓரத்திலும், ஃபிரேம் குழாய்களின் மேலும், நீண்ட முடி வைத்த மெல்லிய பிரஷ்ஷால் அப்பா தங்க நிறக் கோடு இழுப்பார். சுண்டுவிரலை ஓரத்தில் முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு. இடையில் யாராவது கூப்பிட்டால் பதில் வராது. சைக்கிளின் பெயர் அப்போது தண்ணீர் ஸ்டிக்கராக வரும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, எழுத்து தாளைவிட்டு நழுவத் தொடங்கியதும் குழாயின் மேல் வைத்து வழுக்கி நகர்த்தி, காய்ந்த பின் மேலே வார்னிஷ் பூச வேண்டும். ஹேண்டிலுக்குக் கீழே, முன் குழாயில், உலோகத்தில் அச்சடித்த கம்பெனி முத்திரை ரிவெட் அடித்து நிற்கும்.

அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்களை நம் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. வடக்கேயிருந்து ஹீரோவும் அட்லஸும் ஏவனும் வந்தன. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே இன்ன சைக்கிள் என்று தூரத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். பி.எஸ்.ஏ. முத்திரையில் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் ஏன் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் என்னிடம் கேட்டான். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம்தான் பி.எஸ்.ஏ. 1861-ல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி அது, சைக்கிளுக்குப் பிறகுதான் வந்தது என்று சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பையன் தன் சைக்கிளைத் துடைக்காமல் பள்ளிக்கூடம் போனதில்லை என்று அவன் அம்மா சொன்னார்.

தொண்ணூறுகளில் வினைல் வந்தது. எங்கள் ஊரில் யாரும் வினைல் என்று சொல்வதில்லை. வெட்டி ஒட்டுகிற எதுவும் "ரேடியம்"தான். இருட்டில் மின்னும் கடிகார முள்ளில் அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். அந்தப் பெயர் அப்படியே மின்னுகிற ஸ்டிக்கருக்கும், பிறகு மின்னாத ஸ்டிக்கருக்கும் வந்துவிட்டது. ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. பிளாஸ்டிக் படலம், அதன் முதுகில் அழுத்தினால் பிடிக்கும் பசை, பசையைக் காக்க ஒரு வழுவழுப்பான அடித்தாள், அவ்வளவுதான். முதல் பத்து வருஷம் எல்லா எழுத்தையும் பிளேடைப் பாதியாக உடைத்துக் கையால்தான் வெட்டினேன். 2006-ல் கட்டிங் மிஷின் வாங்கினேன். வெட்டும் வேலை மிஷினுக்குப் போனது. எடுக்கும் வேலை இன்றும் கையில்தான் இருக்கிறது.

பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அது ஏன் வராது என்றால், வெயில் வருஷக்கணக்காக அதன் மென்மையை உறிஞ்சிவிடும். புதிதில் தோல் மாதிரி வளைந்த படலம் பிறகு அப்பளம் மாதிரி ஆகிவிடும். இழுத்தால் ஒரு துண்டு, சுரண்டினால் ஒரு பொருக்கு. அதைத் திரும்ப இளக்க வேண்டும். சித்திரை வெயிலில் சைக்கிளை ஒரு மணி நேரம் நிறுத்தினாலே போதும். மற்ற நாட்களில் ஹேர் டிரையர். குழாயில் கை வைத்தால் சுட வேண்டும். ஆனால் கையை எடுத்துவிடத் தோன்றக் கூடாது. அந்தச் சூடுதான் கணக்கு. அதற்கு மேல் போனால் படலம் இழுபட்டு அறுந்து, பசை முழுக்க ஃபிரேமிலேயே தங்கிவிடும். ஓரத்தை நகத்தால் எழுப்பி, நேர் மேலே இழுக்காமல், தன் முதுகின் மேலேயே மடங்கிப் படிகிற மாதிரி மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். வாழைத்தண்டில் நார் உரிக்கிற வேகம். பிளேடு, ஸ்குரூ டிரைவர் இரண்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஸ்டிக்கரோடு பெயிண்டையும் கீறிவிட்டால் அந்தக் கீறலில் துரு இறங்கும். துருவின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

பசையை எடுக்கும்போதுதான் நான் என் முதல் பாவத்தைச் செய்தேன். பதினேழு வயது. சிவப்பு சைக்கிள், ஒரு காலேஜ் மாணவருடையது. ஏற்கெனவே ஒருமுறை வெளியில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று துணியில் தின்னரை நனைத்துப் பசையைத் துடைத்தேன். பசை போனது. கண்ணெதிரே பெயிண்டும் சுருண்டுகொண்டு எழும்பியது, கொதிக்கும் பாலில் ஆடை சுருங்குவது போல. துணியை எடுத்தேன், சிவப்பு துணியோடு வந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. அந்த மாணவரிடம் தானே போய், "பையன் கை தவறிப்போச்சு தம்பி, நாலு நாள் பொறுங்க" என்று சொல்லி, ஃபிரேம் முழுவதையும் உரித்துத் தன் செலவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அந்த நாலு நாளும் உப்புத்தாள் என் கையில்தான் இருந்தது. விரல் நுனி தேய்ந்து தண்ணீர் பட்டாலே எரிந்தது.

அதற்குப் பிறகு என் மேஜையில் மூன்று பாட்டில்தான். ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் ஸ்பிரிட். பசையின் மேல் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட்டால் பாதி தானாக உருண்டு வரும். மீதிக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி. எதுவானாலும் முதலில் பெடல் அச்சு இருக்கும் குழாயின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே தொடுவேன். பசை போன பின் சோப்புத் தண்ணீர், கடைசியில் ஸ்பிரிட். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பசையை எடுத்த எண்ணெய் ஃபிரேமிலேயே இருந்தால் புது ஸ்டிக்கர் எண்ணெயின் மேல்தான் உட்காரும். துடைத்த இடத்தில் விரலை இழுத்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். அதுவரை துடைக்க வேண்டும்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம், கார்த்திகை மாதம். கோலமாவு விற்கும் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். 24 இஞ்ச் பச்சை ஹெர்குலிஸ். கேரியரில் ஒரு மூட்டை, இடது பக்கம் தொங்கவிட்ட இன்னொரு மூட்டை. அந்த இடது பக்கத்தில், ஹேண்டிலிலிருந்து பெடலுக்குச் சாய்ந்து இறங்கும் குழாயில், பெயர் என்று எதுவுமே இல்லை. வருஷக்கணக்காகச் சாக்கு உரசி, சாக்கிலிருந்து சிந்திய கல்மாவு உப்புத்தாள் மாதிரி தேய்த்து, ஸ்டிக்கரும் போய், பச்சையும் போய், சில இடத்தில் இரும்பு தெரிந்தது. வலது பக்கம் மஞ்சள் எழுத்து வெளிறியிருந்தாலும் முழுசாக இருந்தது.

"ஒரு பக்கம் பேரு இருக்கு, ஒரு பக்கம் மொட்டையா இருக்கு தம்பி. பார்க்க மனசு கேக்கல. மார்கழி ஒண்ணாந்தேதிக்குள்ள ஆகுமா?"

"ஆகும்ணே. மழை விட்டா ஆகும்" என்றேன். மார்கழியில்தான் அவருக்கு வியாபாரம்.

பழசைத் தொடும் முன் அளவெடுக்க வேண்டும். அளவெடுக்காமல் உரித்துவிட்டால் அந்த எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ரூபாய் நாணயத்தின் மேல் தாளை வைத்துச் சின்ன வயதில் பென்சிலால் தேய்ப்போமே, அதே வித்தைதான். வலது பக்க எழுத்தின் மேல் டிரேசிங் தாளைச் சுற்றி, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். ஸ்டிக்கரின் ஓரம் மயிரிழை உயரம்தான், ஆனாலும் தாளில் கோடாக விழுந்துவிடும். எழுத்தின் உயரம் 28 மில்லிமீட்டர். கடைசி எழுத்து முடியும் இடத்திலிருந்து முன் குழாயின் இணைப்புவரை 85 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் தாளிலேயே குறித்துக்கொண்டேன்.

இடது பக்கம் இதே அளவைத் திருப்பிப் போட வேண்டும். வலது பக்கத்தில் எழுத்து பெடல் பக்கமிருந்து ஹேண்டிலை நோக்கி ஏறும். கடைசி எழுத்துதான் ஹேண்டிலுக்கு அருகில் இருக்கும். இடது பக்கத்தில் ஹேண்டில் பக்கமிருந்து பெடலை நோக்கி இறங்கும். அங்கே முதல் எழுத்து ஹேண்டிலுக்கு அருகில். இரண்டு பக்கமும் பெடலிலிருந்து அளந்து ஒட்டிய சைக்கிள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்தின் நீளத்தில் சின்ன வித்தியாசம் வந்தாலும் ஹேண்டில் பக்கம் ஏறி இறங்கித் தெரியும். பார்ப்பவர் கண் போவது அங்கேதான். அதனால் எப்போதும் முன் இணைப்பிலிருந்துதான் அளப்பேன்.

பிறகு வலது பக்கத்தை உரித்தேன். வெயில் இல்லை, டிரையர்தான். எழுத்து எழுத்தாக வந்தது. மஞ்சள் போன இடத்தில் அதே பெயர் பச்சையில் இருந்தது. ஃபிரேம் முழுக்க வெளுத்துப் பாசி நிறமாகியிருக்க, ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாமல் இருந்த பெயிண்ட் மட்டும் மாவிலைப் பச்சையாக, வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. பெரியவர் குனிந்து அதன் மேல் விரலை வைத்தார். "இதான் தம்பி. இந்தப் பச்சையப் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை.

கம்பெனி அடித்த உண்மையான நிறம் பழைய சைக்கிளில் மிச்சமிருக்கும் இடம் அதுதான். பெயிண்ட் கலக்கும்போது நான் ஒப்பிட்டுப் பார்ப்பது ஸ்டிக்கரின் அடிப்பக்கத்தோடுதான், வெளுத்த பக்கத்தோடு அல்ல. ஆனால் அவர் சைக்கிளுக்கு அந்தப் பச்சையை அடித்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். இடது பக்கத்துத் தேய்மானத்துக்கு வெளுத்த நிறத்தை ஒட்டிக் கலந்து, துருவை எடுத்துப் பிரைமர் வைத்து, மேலே இரண்டு கை அடித்தேன். வலது பக்கத்து நிழல் எழுத்தை ரப்பிங் காம்பவுண்டு வைத்துத் தேய்த்துச் சமன் செய்யலாம். அதற்கு அந்த நல்ல பச்சையைத் தேய்த்து எடுக்க வேண்டும். கை வரவில்லை. புது எழுத்தைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பருமனாக வெட்டினேன். நிழல் முழுக்க அதற்கு அடியில் மறைந்துவிடும். அந்தப் பச்சை இன்னும் பல வருஷம் அங்கேயே பத்திரமாக இருக்கும்.

வினைலில் இரண்டு சாதி உண்டு. வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை, விற்கிற பலரும் சொல்வதில்லை. ஒன்று, சூடான உருளைகளுக்கு நடுவே தேய்த்து இழுத்துச் செய்தது. சப்பாத்தி தேய்க்கும்போது மாவு கொஞ்சம் உள்ளே சுருங்குமே, அந்தக் குணம் இதற்கு உண்டு. ஒட்டி மாதங்கள் ஆன பின்னும் வெயிலில் மெல்லச் சுருங்கும். ஓரத்தில் பசைக்கோடு தெரியும், அதில் அழுக்கு சேர்ந்து கறுக்கும், பிறகு முனை எழும்பும். இன்னொன்று, தோசை மாவு போலக் கரைசலாக ஊற்றி அடுப்பில் உலர்த்தியது. யாரும் அதை இழுக்கவில்லை, அதனால் அது எங்கும் திரும்பிப் போகத் துடிப்பதில்லை. வார்த்தபடி கிடக்கும். தடிமனும் குறைவு, சுமார் 50 மைக்ரான். சமமான பலகையில் முதல் ரகமே போதும். சைக்கிள் ஃபிரேம் பலகை இல்லை. அந்த ஹெர்குலிஸில் சாய்ந்த குழாயின் விட்டம் 28.6 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 90 மில்லிமீட்டர்தான். 28 மில்லிமீட்டர் எழுத்து அதில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி வளைகிறது. அந்த வளைவில் தடித்த படலம் நிமிரத்தான் பார்க்கும். ஊற்றிச் செய்ததற்கு விலை அதிகம், கேட்டு வாங்குங்கள். எட்டு எழுத்துக்கு ஆகும் வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட வராது.

பெரியவர் வேலை முடிய வேண்டிய வாரம் மழை பிடித்துக்கொண்டது. டெல்டாவில் கார்த்திகை ஈரம் சுவரில் வியர்க்கும். உள்ளே வைத்த இரும்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படியும். அந்த நேரத்தில் ஒட்டினால் பசை கடிக்காது. பங்குனி நடுப்பகலில் இதற்கு நேர் எதிர்: குழாய் சூட்டில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு நகர்த்தவே விடாது. ஃபிரேமைக் கடைக்குள் தொங்கவிட்டு, இரவெல்லாம் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டேன். மறுநாள் காலை தெருவில் தூசி கிளம்பும் முன், ஏழு மணிக்கு உட்கார்ந்தேன்.

குழாய்க்கு ஓரம் கிடையாது, அதனால் நேர் எது என்று கண் ஏமாறும். முன் இணைப்பின் நடுவிலிருந்து பெடல் அச்சின் நடுவுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, அதிலிருந்து பக்கவாட்டில் அளந்து மாஸ்கிங் டேப் ஒட்டுவேன். இப்போதைய சைக்கிள்களில் தண்ணீர் பாட்டில் மாட்டும் இரண்டு திருகாணித் துளைகள் குழாயின் நடுவிலேயே இருக்கும். அவை இருந்தால் நூல் தேவையில்லை. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்து தெளித்து, எழுத்துக்களை, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மேல்தாளோடு வைத்தால் அவை வழுக்கிக்கொண்டு இருக்கும். நூலைப் பார்த்து நகர்த்தலாம். இடம் சரி என்றானதும், நடுவிலிருந்து இரு பக்கமும் தண்ணீரைத் தள்ள வேண்டும். துணி சுற்றிய பழைய ஏ.டி.எம். கார்டுதான் என் கருவி. ஒரு முனையிலிருந்து தொடங்கினால் கடைசியில் குமிழி ஒதுங்க இடமில்லாமல் எழுத்துக்குள் நிற்கும். அப்படி நின்றால் ஊசியால் ஒரு குத்து, விரலால் ஒரு அழுத்து.

மேல்தாளை உடனே எடுக்கக் கூடாது. ஈரமாக ஒட்டியது கடிக்க அரை மணி நேரமாவது வேண்டும். எடுக்கும்போதும் அதே மடக்கி இழுக்கும் வேகம்தான். எழுத்து கூடவே எழும்பினால் அங்கேயே நிறுத்தி, திரும்பப் படியவைத்து, இன்னும் காத்திருக்க வேண்டும். பெரியவருடையதில் கடைசி எழுத்தின் வால் மட்டும் இரண்டு தடவை எழும்பியது. மூன்றாவது தடவை தங்கியது. ஒரு நாள் தண்ணீர் படாமல் வையுங்கள் என்று சொல்லி, மார்கழி பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு கொடுத்தேன். சாக்கு உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டிக் கட்டிக் கொடுத்தேன். அதற்கு அவர் ஒரு படி கோலமாவு கொடுத்தார்.

ஸ்டிக்கரின் மேலே கிளியர், அதாவது நிறமில்லாத பூச்சு, அடிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தினமும் ஓட்டும் சைக்கிளுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. கிளியரில் இருக்கும் கரைப்பான் வினைலைச் சுருக்கலாம். சுருங்காமல் தப்பினாலும், அடுத்த முறை அந்த ஸ்டிக்கரை எடுக்க ஃபிரேமை முழுக்க வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். ஸ்டிக்கர் தேயத்தான் செய்யும். தேய்ந்தால் சுலபமாக மாற்ற முடிய வேண்டும். பவுடர் கோட்டிங் செய்பவர்கள் ஸ்டிக்கரைக் கடைசியில்தான் ஒட்ட வேண்டும். அந்த அடுப்பு 180 டிகிரிக்கு மேல் போகும்.

இரண்டு வேலையை நான் செய்வதில்லை. மூவாயிர ரூபாய் சைக்கிளில் லட்ச ரூபாய் சைக்கிளின் பெயரை ஒட்டச் சொல்லி வருவார்கள். மாட்டேன் என்பேன். அதை நாளை இன்னொருவர் நம்பி வாங்குவார். உங்கள் பெயரையே அழகாக வெட்டித் தருகிறேன், ஒட்டிக்கொள்ளுங்கள் தம்பி என்பேன். பலர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். இரண்டாவது, ஃபிரேம் நம்பர் தேய்க்கப்பட்ட சைக்கிள். பெடல் அச்சுக்கு அடியிலோ சீட் குழாயின் மேலோ அந்த நம்பர் குத்தியிருக்கும். வேலையை எடுக்கும் முன் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். நம்பர் இல்லாத சைக்கிளின் பெயரை மாற்ற என் கை உதவாது. பெயிண்ட் அடிக்கும்போதும் அந்த இடத்தில் பட்டி வைத்து மூடிவிடக் கூடாது.

வீட்டில் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டிக்கரை மாற்ற நினைத்தால், உரிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எழுத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, முன் இணைப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். பிளேடு வைக்காதீர்கள், தின்னர் ஊற்றாதீர்கள். அந்தத் தாளோடு சைக்கிளைக் கொண்டுவந்தால், பெயர் இருந்த இடத்திலேயே அதே அளவில் திரும்ப வரும்.